மரங்கொத்தி வைத்த மூன்று புள்ளி

கூழாங்குட்டைக் காட்டில் அறுபது மரங்கள் உள்ளே பொந்து விழுந்தவை. அந்தக் காட்டு விலங்குகள் மார்கழி வரை சேர்த்ததையெல்லாம் அந்தப் பொந்துகளில்தான் போட்டுவைக்கும். மூங்கிலரிசி, காட்டுக்கொள்ளு, காய்ந்த கிழங்கு, உலர்ந்த புல். கோடையில் குட்டை வற்றி, தரை வெடித்து, தின்ன ஒன்றும் கிடைக்காத இரண்டு மாதங்களை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பொந்துகளுக்குக் காப்பாளன் ஒரு மலை அணில். பெயர் செம்பட்டையன். எந்த மரத்தில் யாருடைய பங்கு, எவ்வளவு என்ற பட்டியல் முழுவதும் அவனிடம். பொந்தின் வாயைக் களிமண் வைத்து மூடுவதும் அவனே.

தை பிறந்ததும் அந்த மரங்களைத் தணிக்கை செய்ய ஒரு மரங்கொத்தி வரும்.

அந்த மரங்கொத்தி நான்தான். பெயர் பொன்முதுகன். இந்தக் கதையில் வரும் முட்டாளும் நானே என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து, என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வதை என்னால் தாங்க முடியாது.

தணிக்கை எளிய வேலை. நிறைந்த பொந்தைத் தட்டினால் 'மொத்' என்று அடங்கிய ஒலி வரும். காலிப் பொந்து 'டங்' என்று கூவும். பாதிப் பொந்து இரண்டுக்கும் நடுவில் முனகும். பட்டியலில் நிறைவு என்று இருக்கும் மரம் நிறைந்த ஒலி தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால், குட்டைக்கரையில் நிற்கும் முதல் மரத்தின் பட்டையில் மூன்று புள்ளி கொத்திவைப்பேன்.

அறுபது மரத்தையும் தட்டுவதில்லை. சிலவற்றைத் தட்டினாலே மொத்தத்தைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம். எங்கள் குலத்தில் ஏழு தலைமுறையாக அப்படித்தான். நான் ஐந்தாவது மரம், பத்தாவது மரம், பதினைந்தாவது மரம் என்று ஐந்து ஐந்தாகத் தாண்டிப் பன்னிரண்டு மரங்களைத் தட்டுவேன். முதல் ஆண்டும் அப்படித்தான். நான்காவது ஆண்டும் அப்படித்தான். ஒழுங்கு என்றால் எனக்கு உயிர்.

கூலி, ஓர் எறும்புப் புற்று. கொடுப்பவன் செம்பட்டையன். யாருடைய வேலையைச் சோதிக்கிறேனோ அவன் தருவதையே தின்பது விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. தின்று முடித்ததும் தோன்றுவது நின்றுவிட்டது.

அந்தத் தை மாதமும் செம்பட்டையன் என்னை எதிர்கொண்டு அழைத்தான்.

"வாங்க பொன்முதுகரே. பறந்து வந்த களைப்பு இருக்கும். முதல்ல புற்றைப் பார்த்துடுங்க. மரமெல்லாம் எங்க போயிடப் போகுது?"

"மரம் போகாது, செம்பட்டையா. உள்ளே இருக்கிறது போயிருக்கலாம் இல்லையா? அதுக்குத்தானே நான்."

"ஆகா, இந்தக் கூர்மை வேற யாருக்கு வரும்?" என்றான் அவன். பிறகு, "ஐந்தாவது மரத்துலேர்ந்துதானே ஆரம்பிப்பீங்க? அங்க நிழலா இருக்கும். கிளையைக்கூடச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்," என்றான்.

நான் மகிழ்ந்துபோனேன். என் வேலைமுறையை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த இன்னொரு விலங்கு அந்தக் காட்டில் இல்லை. இதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மரங்களும் 'மொத்' என்றன. மூன்று புள்ளி கொத்தினேன். மறுநாள் காலை குட்டைக்கரையில் சபை கூடியது. சபைக்குத் தலைவி கரடியம்மா. நான் ஒரு கல்லின் மேல் நின்று அறிக்கை வாசித்தேன்.

"தட்டப்பட்ட மரங்களைப் பொறுத்தமட்டில், தட்டப்பட்ட நாளன்று, தட்டியவரின் செவிக்கு எட்டிய அளவில், காப்பாளரால் தயாரிக்கப்பட்டு காப்பாளராலேயே அளிக்கப்பட்ட பட்டியலுக்கும் மரங்கள் எழுப்பிய ஒலிக்கும் இடையே, கருதத்தக்க வேறுபாடு ஏதும் உள்ளது என்று கொள்வதற்கான காரணம் எதுவும் புலப்படவில்லை என்பதாகவே..."

இது முதல் வாக்கியத்தின் முதல் பாதி. மொத்தம் பன்னிரண்டு வாக்கியங்கள். மூன்றாவது வாக்கியத்தில் காட்டுப்பன்றி மொத்தையன் குறட்டை விட்டான். எட்டாவது வாக்கியத்தில், தட்டப்படாத மரங்களுக்கு இந்த அறிக்கை எந்த அளவுக்குப் பொருந்தும், எந்த அளவுக்குப் பொருந்தாது என்பதை மிக அழகாகச் சொல்லியிருந்தேன். அப்போது கரடியம்மா முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

நான் முடித்ததும் எல்லோரும் மைனாவைப் பார்த்தார்கள். காட்டுக்குச் செய்தி சொல்வது மைனாவின் வேலை.

மைனா என்னைப் பார்த்தது. மூன்று புள்ளியைப் பார்த்தது. பிறகு உச்சிக் கிளைக்குப் பறந்து போய்க் கத்தியது.

"அறுபது மரமும் நிறைவு! ஒரு விதைகூடக் குறையலை! மூணு புள்ளி இருக்கிறவரைக்கும் குறையவும் குறையாது! மரங்கொத்தியார் உறுதி!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. மயில்கள் தோகையை விரித்தன. மொத்தையன் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலேயே சந்தோஷப்பட்டான்.

மைனா சொன்னதில் நான்கு பிழைகள் இருந்தன. பிழை திருத்துவது என் பிறவிக்குணம். குயில் கூவுவதில் தாளம் தப்பினால்கூடத் திருத்தாமல் விடமாட்டேன். அன்று மட்டும் என் அலகு திறக்கவில்லை. ஏனென்றால் அதே மூச்சில் மைனா என்னைக் 'காட்டின் கண்' என்றும் அழைத்துவிட்டது.

காட்டோரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி புள்ளியாள் கேட்டாள். "அறுபதும் நிறைவுன்னு மைனா கத்துதே. நீங்க அறுபதையும் தட்டினீங்களா?"

"பன்னிரண்டு. அறிக்கையிலே தெளிவா இருக்கு."

"நானும்தான் கேட்டேன். எனக்கு அதுல புரிஞ்சது 'தட்டப்பட்ட' மட்டும்தான்."

"அது துறைசார்ந்த மொழி, புள்ளி."

"சரி, அந்த மைனாகிட்டப் போய் அப்படி இல்லைன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"சாதாரண விலங்குகளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது."

"சொன்னாத்தானே புரியறதும் புரியாததும்?" என்றாள் அவள். நான் இறகைக் கோதிக்கொண்டேன். பதில் இல்லாதபோது எங்கள் குலத்தில் அதுதான் வழக்கம்.

அதற்குப் பிறகு வந்த நாள்களை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. தணிக்கை என்றால் என்னவென்று காட்டில் ஆளுக்கு ஓர் எண்ணம் வைத்திருந்தார்கள். மொத்தையன் வந்து, தன்னுடைய சேப்பங்கிழங்கைத் தின்றது யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னான். ஒரு மயில் தன் தோகையில் கண்கள் சரியாக நூற்றைம்பது என்று எல்லோர் முன்னிலும் சொல்லச் சொன்னது. கரடியம்மா ஒரு தேனடையைக் கொண்டுவந்து, "தட்டிப் பாருங்க, இனிப்பா இருக்குமா?" என்றாள்.

எதற்கும் நான் 'அது என் வேலை இல்லை' என்று சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, "ம்ம்," என்றேன். அந்த 'ம்ம்' காட்டில் மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தது.

பங்குனி வந்தது.

ஒரு நாள் காலை, பாறைமேல் உட்கார்ந்து, என் செவியின் திறமையைப் பற்றி இரண்டு மயில்களுக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது குறுவாலி என்ற முயல் வந்தாள். குட்டி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. நான்கு குட்டிகள். மூன்று அவள் பின்னால் துள்ளி வந்தன. நான்காவது மிகச் சிறியது. தாயின் காலடியை விட்டு நகரவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளம்மா."

"மான் கூட்டம் நாளைக்கு மேற்குச் சரிவுக்குக் கிளம்புது. அங்க கோடையிலும் பச்சை இருக்குமாம். கூட வரியான்னு கேட்டாங்க. வழியில மூணு ஊற்று இருக்கு. இந்த வாரத்தை விட்டா மூணும் வத்திடும். அப்புறம் குட்டிங்களை வெச்சுக்கிட்டுப் போகவே முடியாது."

"சரி."

"இங்கயே இருந்தா என் பங்கு இருக்கு. முப்பத்தேழாவது மரத்துல. மழை வர்ற வரைக்கும் எங்க அஞ்சு பேருக்கும் அது போதும். ஆனா அது இருக்கணும். இருக்கில்லண்ணே?"

அப்போது எனக்கு மூன்று செய்திகள் தெரியும். முப்பத்தேழாவது மரத்தை நான் தட்டவில்லை. தட்டிய மரங்களையும் தையில்தான் தட்டினேன், இது பங்குனி. நடுவில் செம்பட்டையன் என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை. மூன்றையும் சொல்ல ஒரு மூச்சு போதும்.

மயில்கள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முதல் மரத்துல மூணு புள்ளியைப் பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன்."

"பிறகென்ன?"

அவள் முகம் தெளிந்தது. "அது போதும்ணே," என்றாள். மான்களிடம் போய், தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கேள்விகள் கேட்டேன், அவ்வளவுதான். கேள்விக்கு மெய்யும் கிடையாது, பொய்யும் கிடையாது. இந்த நியாயத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்பதுதான் இதில் அசிங்கமான பகுதி.

சித்திரை பாதியில் குட்டை சேறானது. பொந்துகளைத் திறக்கும் நாள் வந்தது. கரடியம்மா முதல் மரத்தின் களிமண்ணை நகத்தால் பெயர்த்தாள்.

உள்ளே நான்கு காய்ந்த இலைகளும் ஒரு சிலந்தியும் இருந்தன.

இரண்டாவது மரம் காலி. மூன்றாவது காலி. நான்காவதில் கையளவு கொள்ளு. ஐந்தாவது மரத்தைத் திறந்ததும் மூங்கிலரிசி அருவியாகக் கொட்டியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆறாவது காலி.

அதற்குள் குறுவாலி முப்பத்தேழாவது மரத்துக்கு ஓடிப்போய்த் தானே களிமண்ணைச் சுரண்டித் திறந்துவிட்டாள். அதுவும் காலி. திரும்பி வந்து, குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சபை அங்கேயே கூடியது. செம்பட்டையன் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

"மேட்டுக் குரங்குங்க அத்திப்பழம் தரேன்னாங்க. பதிலுக்குக் கொஞ்சம் அரிசி கேட்டாங்க. மாசிக்குள்ள திருப்பித் தரேன்னு சொன்னாங்க. முதல் வருஷம் தந்தாங்க. ரெண்டாவது வருஷம் பாதி தந்தாங்க. இந்த வருஷம் தரவே இல்லை. நான் திருப்பி வெச்சுடலாம்னுதான் நினைச்சேன்."

"அப்போ அஞ்சாவது மரம் மட்டும் எப்படிடா நிறைஞ்சிருக்கு?" என்றாள் கரடியம்மா.

செம்பட்டையன் என்னை ஒருமுறை பார்த்தான். "அஞ்சு, பத்து, பதினஞ்சு எதையும் நான் தொடலம்மா. அவரு அதைத்தானே தட்டுவாரு."

என் ஒழுங்கு அந்த ஒரே வாக்கியத்தில் முடிந்தது.

அணிலுக்குத் தண்டனை உடனே முடிவானது. அடுத்த சித்திரை வரை எல்லோருடைய மூட்டைகளையும் அவன் ஒருவனே சுமக்க வேண்டும். பட்டியல் இனி அவனிடம் மட்டும் இருக்காது. அதோடு அவனை விட்டுவிட்டார்கள். அணில் செய்தது எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததைப் பற்றி எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? நான் செய்ததுதான் யாருக்கும் புரியவில்லை. ஆகவே கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"பாதியை நீதான் தின்னிருப்பே," என்றான் மொத்தையன்.

"நான் தின்பது எறும்பு. என் அலகால் கொள்ளு மெல்லவே முடியாது," என்றேன்.

"ராத்திரி பகலா மரத்தடியில காவல் இருக்க வேண்டியது நீங்கதானே?" என்றது முள்ளம்பன்றி.

"காவல் காப்பது காப்பாளரின் பொறுப்பு. நான் ஆண்டுக்கு ஒருமுறை வந்து சோதிப்பவன்."

"பட்டியலைத் தயார் பண்ணினதே இவர்தான்னு நான் கேள்விப்பட்டேன்," என்றது ஒரு மயில்.

"பட்டியல் அணிலுடையது. அதைச் சோதித்து அபிப்பிராயம் சொல்வது மட்டும்தான் என்னுடையது. தயாரிப்பவரும் சோதிப்பவரும் ஒருவராக இருந்தால் சோதனைக்குப் பொருளே இல்லை."

"மூணு புள்ளி இருக்கிறவரைக்கும் குறையாதுன்னு சொன்னாரே," என்றது மைனா.

"சொன்னது நீ. என் அறிக்கையின் எட்டாவது வாக்கியத்தை யாராவது நினைவுகூர்ந்தால்..."

நேரம் போகப்போக எனக்கு உற்சாகமாகவே இருந்தது. ஒரு குற்றச்சாட்டாவது சரியாக இருக்க வேண்டுமே. எல்லாம் தவறு. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அறுபதையும் ஏன் தட்ட முடியாது என்பதையும் விளக்கினேன். தணிக்கை என்றால் என்ன என்று அன்று நான் சொன்ன அளவுக்குத் தெளிவாக அந்தக் காட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. சில தலைகள் ஆமோதித்து ஆடவும் தொடங்கின. இன்னும் இரண்டு குற்றச்சாட்டுகள் வந்தால் என்னை மீண்டும் பாராட்டிவிடுவார்கள் என்று தோன்றியது.

அப்போது குறுவாலி எழுந்தாள்.

"அண்ணே, முப்பத்தேழாவது மரத்தைத் தட்டினீங்களா?"

"இல்லை."

"அறுபதையும் தட்ட முடியாதுன்னு இப்ப சொன்னீங்க. எனக்கு இப்பத்தான் புரியுது. அது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா பங்குனியில நான் வந்து கேட்டப்ப, இதே இத்தனை தெளிவா ஏன் சொல்லலை?"

என்னிடம் பன்னிரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் அந்தக் கேள்வியின் அளவுக்குப் பொருந்தவில்லை.

"நீங்க 'தட்டலம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மானுங்களோட போயிருப்பேன். இப்ப ஊற்று மூணும் வத்திப்போச்சு."

பதில் சொல்ல ஏறியிருந்த கல்லிலிருந்து நான் கீழே இறங்கினேன்.

கரடியம்மாதான் பேசினாள். "கேள்வி கேட்டது போதும். காட்டுல மொத்தம் என்ன மிச்சம் இருக்குன்னு இப்ப தெரியணும். எல்லா மரத்து மண்ணையும் பெயர்த்துப் போட்டா இருக்கிறதும் காய்ஞ்சு பூச்சி விழும். தட்டத் தெரிஞ்சவர் தட்டட்டும்."

தட்டினேன். ஒன்றிலிருந்து அறுபது வரை, ஒன்றையும் தாண்டாமல். வெயிலில் தொடங்கி மறுநாள் உச்சிவேளையில் முடித்தேன். நாற்பத்து நான்காவது மரத்தில் என் அலகின் நுனி உடைந்தது. புள்ளியாள் பக்கத்திலேயே பறந்து வந்தாள். ஒவ்வொரு மரத்திலும் நான் கேட்டதை மட்டும் அவள் உரக்கச் சொன்னாள். "காலி." "காலி." "பாதி." "காலி." ஒரு சொல்லுக்கு மேல் அறிக்கை எதற்கும் தேவைப்படவில்லை.

பன்னிரண்டு நிறைவு. ஒன்பது பாதி. மற்றவை காலி.

இருந்ததை எல்லோருக்கும் ஒரே அளவாகப் பிரித்தார்கள். நிறைந்த மரத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கரடியம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். நாளுக்கு ஒரு பிடி. மழை வரும் வரை அந்தக் காட்டில் எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது.

குறுவாலியின் குட்டிகளில் மூன்று பிழைத்தன.

மழைக்கு எட்டு நாள் முன்பு, அந்தச் சிறியது தாயின் காலடியிலேயே படுத்து எழுந்திருக்காமல் போயிற்று. அறுபதில் பன்னிரண்டு என்றால் எத்தனை பங்கு என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவன் நான். நான்கில் ஒன்று என்றால் எவ்வளவு என்று அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த தையில் என்னை அழைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அழைத்தார்கள். வேறு மரங்கொத்தி கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். இதையும் நான் பெருமையாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று புள்ளியாள் வழி நெடுக நினைவுபடுத்திக்கொண்டே வந்தாள்.

புற்றை இந்த முறை சபை கொடுத்தது. எந்த மரங்களைத் தட்டுவது என்று நான் முடிவு செய்யவில்லை. கரடியம்மா கண்ணை மூடிக்கொண்டு கூழாங்கற்களை எறிந்தாள். கல் விழுந்த இடத்து மரத்தைத் தட்டினேன். செம்பட்டையன் தூரத்தில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு நின்று பார்த்தான். நான் அடுத்து எங்கே போவேன் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சபை கூடியது. நான் தரையிலேயே நின்று பேசினேன்.

"அறுபதில் இருபது மரத்தைத் தட்டினேன். பதினெட்டு நிறைவு, இரண்டு பாதி. மற்ற நாற்பதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அவற்றை நான் தட்டவில்லை. இது இன்றைய நிலைமை. நாளைக்கு யாராவது எடுத்தால் எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். மொத்தையன் குறட்டை விடுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கூட்டம் என்னையே பார்த்தது. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றது மயில்.

"இவ்வளவுதான்."

"போன வருஷம் சொன்னது எவ்வளவு நல்லா இருந்துச்சு," என்றான் மொத்தையன் வருத்தத்தோடு. "ஒண்ணுமே புரியலை. ஆனா நிம்மதியா இருந்தோம். இப்ப எல்லாம் புரியுது. தூக்கம் போச்சு."

மைனா உச்சிக் கிளைக்குப் போனது. "மரங்கொத்தி நாற்பது மரத்தைத் தட்டவே இல்லை!" என்று கத்தியது. இந்த முறை அது சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் நான் கஷ்டப்பட்டுப்போனேன்.

அன்று மாலைக்குள் காட்டில் என் பெயர் 'காட்டின் கண்' இல்லை, 'சோம்பேறி'. கல்லெறிந்து மரம் பொறுக்குகிற இவனுக்கு ஒரு புற்றா என்று முள்ளம்பன்றி என் காதில் விழும்படியே கேட்டது. புள்ளியாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சபை கலையும்போது குறுவாலி என்னிடம் வந்தாள். அந்தக் கோடைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

"முப்பத்தேழு?" என்றாள்.

"தட்டலம்மா."

"சரி. நானே பார்த்துக்கறேன்," என்று போனாள். பொந்தின் வாயில் ஓர் ஓரமாகச் சுரண்டி, காலை உள்ளே விட்டுத் துழாவி, மறுபடியும் மண்ணை அப்பிவிட்டுத் திரும்பினாள்.

வழியில் மொத்தையன் மறித்தான். "என்ன குறுவாலி, உன் மரம் எப்படி இருக்கு?"

"நிறைவா இருக்கு. இப்பத்தான் பார்த்தேன்."

"அப்பாடா. என்னுது உன் பக்கத்து மரம், முப்பத்தெட்டு. உன்னுது நிறைஞ்சிருந்தா என்னுதும் நிறைஞ்சுதானே இருக்கும்?"

"அதை நான் பார்க்கலை," என்றாள் குறுவாலி.

"நீயுமா?" என்று அலுத்துக்கொண்டான் மொத்தையன். அவன் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, வேறு வழியில்லாமல், முப்பத்தெட்டாவது மரத்தைப் பார்க்கத் தானே நடந்தான்.

தான் செய்யாததையும் செய்ததாக ஊர் நம்பிப் புகழும்போது வாயை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொள்கிறவன், அந்த நம்பிக்கையால் ஒருவர் கெட்டுப்போன பிறகு, தன் வேலை என்னவென்று எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் அது சாக்குதானே தவிர விளக்கம் ஆகாது.